தேய்ந்த ஓடுகள்

மாசசூசெட்ஸில் ஒரு பழைய டைனரைப் புதுப்பிக்கிறார்கள், சனிக்கிழமைகளில் கூடமாட ஆள் வேண்டும் என்றார் நண்பர். போனேன். ஊஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி செய்தது. 1906 முதல் 1957 வரை உணவகத்தை முழுசாகத் தொழிற்சாலையிலேயே கட்டி, வரிசை எண் போட்டு அனுப்பியவர்கள். முதல் எண் 200, கடைசி எண் 850.

வெளியே பீங்கான் பூச்சுத் தகடுகள் இன்னும் பளபளவென்றுதான் இருந்தன. கழற்றினால், உள்ளே மரச்சட்டம் தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. திருகு ஓட்டை வழியாக இறங்கிய மழைத்தண்ணீரின் வேலை. இரண்டு மாதம் சட்டம் மாற்றினோம்.

அடுத்து தரை. கவுண்டருக்குப் பின்னால் ஓரிடத்தில் ஓடுகள் தேய்ந்து குழிந்திருந்தன. சரிசெய்கிறேன் பேர்வழி என்று யாரையும் கேட்காமல் பன்னிரண்டைப் பெயர்த்துவிட்டேன். மதியம் உரிமையாளர் வந்தார். எழுபது வயதிருக்கும். கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "அம்மா முப்பது வருஷம் நின்ன இடம் அது" என்றார்.

குப்பை வாளியில் கைவிட்டுத் துழாவினேன். ஒன்பது முழுசாகக் கிடைத்தன. மூன்று நொறுங்கியிருந்தன. அந்த மூன்றுக்கும் புது ஓடு பதித்தோம்.

கடை திறந்தபின் காபி குடிக்கப் போனேன். பரிமாறுகிற பெண்ணின் ஷூ அந்த மூன்று ஓடுகளில் மட்டும் லேசாகத் தட்டியது. அவர் கவனிக்கவில்லை. நான் குனிந்து காபியைப் பார்த்தேன்.