நீர்க்கடுப்பும் வலி மாத்திரையும்



சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "சார், நீர்ப்பை வலிக்கு நொதியைத் தடுக்கிற மாத்திரை வருதாமே, எப்போ கிடைக்கும்?" வகுப்பில் நடத்திய நொதி அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது! பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நம் உடம்பே வலியைத் தணிக்கும் ஒரு பொருளை உண்டாக்குகிறது. 1992-இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்தே 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். எஃப்.ஏ.ஏ.எச். என்ற நொதி அதை உடைத்துவிடும். அந்த நொதியைத் தடுத்தால் ஆனந்தமைடு கூடும், வலி குறையும் என்பது கணக்கு. விலங்குகளில் பலித்தது. ஜப்பானின் அஸ்டெல்லஸ் நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. வலியைக் குறைப்பதில் வெற்று மாத்திரையை அது மிஞ்சவில்லை. 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் இதே வகையைச் சேர்ந்த வேறொரு மருந்தைச் சோதித்தபோது 6 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். அது வேறு சில நொதிகளையும் முடக்கியது என்று பிறகு தெரிந்தது. ஆகவே இப்போதைக்கு அந்த மாத்திரையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் நொதியைத் தடுக்கும் இன்னொரு மருந்து உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் அந்த இனம்தான். ஆஸ்பிரின் எப்படி வலியைக் குறைக்கிறது என்று 1971-இல் காட்டிய ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவை தடுக்கும் நொதி வலிக்கு மட்டும் வேலை செய்வதில்லை. இரைப்பையின் உள்தோலைக் காப்பதும், உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்ப்பதும் அதனால் உண்டாகும் பொருட்கள்தான்.

இங்கேதான் எனக்குக் கவலை. கழிப்பறை சரியில்லை என்று அவள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம். சாயங்காலம் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு ஒரு மாத்திரை. நம் ஊர் வெயிலில், தண்ணீர் குடிக்காத உடம்பில், தினமும் அந்த மாத்திரை என்றால் சிறுநீரகம் எத்தனை நாள் தாங்கும்?

நீர்க்கடுப்பு இருந்தால் பெரும்பாலும் கிருமித் தொற்றுதான். வலி மாத்திரை அதை மறைக்கும், குணப்படுத்தாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆலை நடத்தும் என் மாணவர்களே, நல்ல கழிப்பறையும் குடிதண்ணீரும் கொடுங்கள். எந்த ஆராய்ச்சிக்கும் காத்திராமல் நாளைக்கே தரக்கூடிய மருந்து அது.

எல்லோரும் நலமாக இருங்கள்.