சாரல் காலத்தில் ஒரு டிஸ்க் சத்தம்

பிரேக்கில் சத்தம் என்றாலே, "பேடு தேஞ்சிருச்சு, மாத்திருங்க" என்று சொல்லிவிடுவது நம்ம ஊர் ஒர்க்‌ஷாப் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் நண்பர்களே, சத்தத்திலும் ஜாதி உண்டு! பிரேக்கை மிதிக்கும்போது வரும் 'கீச்' வேறு. மிதிக்காதபோது வரும் 'கடகட' வேறு. இந்த இரண்டாவது ஜாதியை நான் முதன்முதலில் கேட்டது தென்காசியில், இன்-பிளான்ட் டிரெயினிங் போன ஒர்க்‌ஷாப்பில்.

ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் நல்ல பிடி பிடித்திருந்தது. சீசன் வந்துவிட்டால் கேரளா வண்டிகள் புளியரை வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் ஒன்றாக இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. (எந்த கார் என்று எழுதமாட்டேன். எழுதினால் சொந்தக்காரர் யாரென்று தெரிந்துவிடும்.) ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கணவனும் மனைவியும் இறங்கினார்கள். சாயந்திரமே ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகவேண்டுமாம். மேடு பள்ளத்தில் முன்சக்கரத்தில் தகர டப்பா உருட்டுகிற மாதிரி சத்தம். "சவுண்டு போயால் மதி" என்றார் அவர்.

சக்கரத்தைக் கழற்றினோம். பேடு புதுசு. டிஸ்க்கைக் கையால் அசைத்தால் கடகட என்று ஆடியது. அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. "என்னடே இது, டிஸ்க்கே லூசா கெடக்கு?"

லூசாக இல்லை, அப்படியேதான் செய்திருக்கிறார்கள். இதுதான் ஃபுளோட்டிங் டிஸ்க். நடுவில் அலுமினியக் கிண்ணம், வெளியே வார்ப்பிரும்பு வளையம். இரண்டையும் இறுக்கிப் பூட்டாமல், பத்து பாபின்களை வைத்துக் கொஞ்சம் இடைவெளியோடு கோர்த்திருந்தார்கள். காரணம் நாம் படித்த வெப்ப விரிவுதான். 280 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு வளையத்தில் 300 டிகிரி சூடு ஏறினால் என்ன ஆகும்? விரிவுக் குணகம் 0.000011 என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: விட்டம் சுமார் 0.9 மி.மீ. கூடுகிறது. நடுக்கிண்ணமோ அவ்வளவு சூடாவதில்லை. இரண்டையும் சேர்த்து இறுக்கிவிட்டால் விரிய இடமில்லாமல் வளையம் குடை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்த இடைவெளி இருப்பதால்தான் வளையம் நேராக விரிகிறது.

டிஸ்க் பிரேக் ஒன்றும் நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது 1953 லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் மாட்டிய ஜாகுவார் சி-டைப் ஜெயித்த பிறகு. அந்தப் பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் தடவை. ஃபுளோட்டிங் டிஸ்க்கைப் பார்க்க நாம் லே மான் போகவேண்டாம். 2013-ல் வந்த ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 535-ல் முன்னால் 300 மி.மீ. ஃபுளோட்டிங் டிஸ்க்தான்.

இதெல்லாம் தெரிந்து என்ன? அண்ணாச்சி அதற்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். "பக்கத்து லேத்துல குடுத்து ஒவ்வொரு பாபின்லயும் ரெண்டு பொட்டு வெல்டிங் வச்சா சத்தம் நின்னுரும். அவாளும் சீக்கிரம் கெளம்பட்டும்."

நிற்கும்தான். காரும் ஆரியங்காவு தாண்டும். அப்புறம் தென்மலை, புனலூர் என்று இறக்கம். மழை, வளைவு, போதாக்குறைக்கு எதிரே லாரி. பிரேக் சூடாகும்போது விரிய இடமில்லை. போதாததற்கு வார்ப்பிரும்பில் சும்மா பொட்டு வைத்தால் பக்கத்திலேயே விறைத்து விரிசல் விடும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. டிரெயினிங் வந்த பையன் இருபது வருஷ மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வது? டைரியில் கணக்கைப் போட்டு, "அண்ணாச்சி, இத ஒருதடவ பாருங்க" என்று நீட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "ஏலே, அப்ப சத்தத்துக்கு என்ன செய்யணும்ங்க? அதச் சொல்லு."

நியாயமான கேள்வி. பாபின்களை ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பார்த்தோம். இடது பக்கம் மூன்று அசையவே இல்லை. மழைத்தண்ணீரும் பிரேக் தூளும் சேர்ந்து துருவாக இறுகியிருந்தன. மூன்று பிடித்துக்கொண்டால் மற்ற ஏழும்தான் அடி வாங்கவேண்டும். அவற்றில் ஒரே பக்கம் தேய்ந்து பட்டை விழுந்திருந்தது. கூடவே வளையத்தை அழுத்திப் பிடிக்கவேண்டிய வேவ் வாஷர்கள் சிலது சப்பையாகிவிட்டன.

சிக்கிய பாபின்களில் போல்ட், வாஷர், நட் போட்டுப் பிடித்து ஸ்பேனரால் முன்னும் பின்னும் மெல்லத் திருப்பினோம். இளகியது. சர்க்கிளிப் கழற்றி எல்லாவற்றையும் எடுத்து சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, பிரேக் கிளீனர் அடித்தோம். மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்த பையனை அண்ணாச்சியே விரட்டினார். பேடில் எண்ணெய்ப் பசை பட்டால் வேறு வினை வேண்டாம். கிரீஸும் வைக்கவில்லை. திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு பாபினையும் கால் சுற்றுத் திருப்பி, தேயாத பக்கம் இழுவைக்கு வரும்படி வைத்தோம். வாஷர்களில் நல்லதைப் பரவலாகப் பிரித்துப் போட்டோம். சப்பையானதற்குத் தென்காசியில் மாற்று கிடைக்கவில்லை.

அண்ணாச்சி ஓட்ட, நான் பக்கத்தில். செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் ஏறித் திரும்பி இறங்கினோம். பிரேக் நேராகப் பிடித்தது. பள்ளத்தில் மட்டும் லேசாக ஒரு 'டிக்டிக்'. அவர் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

சொந்தக்காரருக்கு அந்த டிக்டிக்கும் பிடிக்கவில்லை. அண்ணாச்சிதான் பதில் சொன்னார்: "சாரே, இந்த சத்தம் இருக்கணும். சுத்தமா நின்னுபோச்சுன்னாதான் பயப்படணும். பிரேக்க மிதிக்கயிலயும் கடகடன்னா ஓட்டாதீங்க. ஊருக்குப் போனதும் பாபினும் வேவ் வாஷரும் புதுசு போட்டுருங்க." கூலி மட்டும் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை அவர் போன் செய்து, ராத்திரி ஒன்பதரைக்கே வீடு சேர்ந்துவிட்டதாகச் சொன்னாராம். அன்றைக்கு டீ அண்ணாச்சி கணக்கில்.