தண்ணீர் வற்றுவதற்குள் பறந்தாக வேண்டும்!

காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் வேலையை முடித்துக்கொள்வார்கள். காலையில் காமாட்சி அம்மன், வரதராஜப் பெருமாள் தரிசனம். சாப்பாட்டுக்குப் பிறகு பட்டுக்கடை. பை நிறைந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் வருபவர்கள் மட்டும் இன்னொரு அரை நாள் ஒதுக்கலாம். புடவை பார்டரில் அன்னப்பட்சியையும் இருதலைப்பட்சியையும் பார்த்த கண்ணுக்கு, நிஜப் பறவைகள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும் வேடந்தாங்கல் சுமார் 50 கி.மீ. தூரம்தான்.

உத்திரமேரூர் வழியாகப் போவது நல்லது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தலைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதில் 'ஏரி வாரியம்' என்று ஒரு குழுவும் வருகிறது. ஏரியைக் கவனிக்கத் தனியாக ஆள் போட்ட ஊர்ப்பக்கம் இது.

வெயில் காலத்தில் சஃபாரி என்றால் ஆப்பிரிக்காதான் நினைவுக்கு வரும். ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவில் மழையில்லாத மாதங்களில்தான் கூட்டம் அதிகம். ஆறு சுருங்கச் சுருங்க, யானையும் காட்டெருமையும் மிச்சத் தண்ணீரைத் தேடி வரும். நீர்யானைகள் மடுக்களில் நெருக்கியடித்துக் கிடக்கும். தண்ணீர் ஓரமாக ஜீப்பை நிறுத்தினால் போதும்.

வேடந்தாங்கலில் கணக்கே வேறு. இங்கே தண்ணீர் வற்றினால் பறவைகள் கூடாது, கிளம்பிவிடும்.

ஏரி சிறியது, சுமார் 30 ஹெக்டேர். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பியதும் உள்ளே நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் கூடு கட்டத் தொடங்குகின்றன. மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா, நீர்க்காகம் என்று ஒரே மரத்தில் பல குடித்தனங்கள். மரத்தடியில் நிற்கும் தண்ணீர்தான் அவற்றுக்குக் காம்பவுண்டு சுவர். நாயும் கீரியும் பூனையும் கிட்டே வர முடியாது.

மஞ்சள் மூக்கு நாரையின் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதம். குஞ்சு பறக்க இன்னும் 2 மாதம். தை மாதம் பொரிந்த குஞ்சுக்குப் பங்குனி வரை ஏரி தாங்க வேண்டும். மழை ஏமாற்றிய வருடங்களில் பறவைகள் குறைவாகவே வரும். வந்தவையும் பாதியில் கூட்டைக் கைவிட்டுப் போவதுண்டு. பிப்ரவரி, மார்ச்சில் இந்த ஓட்டப்பந்தயம் கண்ணெதிரே நடக்கிறது. கீழே தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்க, மேலே குஞ்சுகள் கிளையில் நின்று இறக்கையை அடித்து அடித்துப் பழகும். தாயும் தந்தையும் சுற்றுப்பக்கத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போய் மீனும் நத்தையும் கொண்டு வரும். ஆகவே இந்த ஏரியை மட்டும் காப்பாற்றினால் போதாது. பக்கத்து ஏரிகள் தூர்ந்து போனால் பட்டினி இங்கேதான்.

ஊர்க்காரர்களின் பாதுகாப்பு சட்டத்துக்கு முந்தையது. சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது மக்கள் கலெக்டரிடம் முறையிட்டதாகச் சொல்வார்கள். 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார். அரசு சரணாலயமானது 1936-ல். ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2022-ல்தான். மக்களின் அக்கறைக்கு வயல் கணக்கும் காரணம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லாபம் தெரிந்த இடத்தில் காவலும் உறுதியாக இருக்கும். பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்குப் பட்டாசைத் தவிர்க்கும் ஊர் இது. குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய தியாகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாலை 4 மணிக்கு மேல் போவதே சிறப்பு. கரையில் நடந்து, காவல் கோபுரத்தில் ஏறினால், இரை தேடப் போனவை வரிசை வரிசையாகத் திரும்புவது தெரியும். பைனாகுலர் அவசியம். சத்தமும் பளிச்சென்ற உடையும் வேண்டாம். புதுப்பட்டு காரிலேயே இருக்கட்டும். நேரமிருந்தால், சுமார் 10 கி.மீ. தள்ளியிருக்கும் கரிக்கிலி சரணாலயத்தையும் எட்டிப் பார்க்கலாம்.

கிளம்பும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.