மறுபடியும் ஓட்டம்

ஏனாமுக்கு மாற்றல் வந்தபோது நின்றுபோன ஓட்டம். 30 வருஷம் கழித்து, 72 வயதில், நம் கடற்கரைச் சாலையில் மறுபடி தொடங்கியிருக்கிறேன்.

விடிகாலையில் அங்கே வண்டிகள் கிடையாது. டூப்ளே சிலையிலிருந்து காந்தி சிலைப் பக்கம், ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார் "அலே, அலே!" என்று விரட்டுவார். இப்போது எனக்கு வேண்டியது "தூஸ்மான்", மெதுவாக. மூச்சு ஒன்றரை மாதத்தில் பழகிவிட்டது. முழங்காலும் குதிகாலும் அவ்வளவு சீக்கிரம் இணங்குவதில்லை, மாதக்கணக்காகிறது. டாக்டர் ஈசிஜியும் டிரெட்மில் சோதனையும் பார்த்த பிறகுதான் சரி என்றார். நம் வயதுக்காரர்கள் அது இல்லாமல் இறங்க வேண்டாம்.

போன மாதம் 5 கிலோமீட்டர் போட்டியில் பெயர் கொடுத்தேன். என் அண்ணன் மாரடைப்பில் போனதிலிருந்து, நான் கொஞ்சம் வேகமாக மாடிப்படி ஏறினாலே வீட்டுக்காரிக்குப் பயம். வேண்டாம் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தவள், முடியும் இடத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். 52 நிமிஷம். எனக்குப் பின்னால் இரண்டே பேர். பதக்கத்தை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "நெஞ்சு ஏதாவது பண்ணுதாங்க?" என்றாள். இல்லை என்றேன். நம்பாமல் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.