பேச மறுத்த வானொலி

பொருளொன்று இயங்காதுவிடின் அப்பொருளையே முதலிற் குறைகூறுதல் மனித இயல்பு. பேனா எழுதாவிட்டாற் பேனாவின்மேற் பழி. விளக்கு எரியாவிட்டால் விளக்கின்மேற் பழி. அப்பொருளுக்கு வந்துசேரும் வழிகளைப் பற்றியோ, அதனை இறுதியாகத் தொட்ட கைகளைப் பற்றியோ எவரும் எளிதிற் சிந்திப்பதில்லை. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில், பழைய மோட்டார்க் கார் ஒன்றினுட் பூட்டப்பட்ட வானொலிப் பெட்டி பேச மறுத்த கதை இதற்குச் சான்று. கதை சிறியது, பெரும் பொருட்சேதம் எதுவும் அதில் இல்லை. ஆயினும் ஒரு மகன் மூன்று நாட்கள் தன் தந்தையின் முகத்தை நேராகப் பார்க்க இயலாதிருந்தமைக்கு அப்பெட்டியே காரணமாயிற்று.

திருகோணமலையின் வரலாற்றைத் துறைமுகத்திலிருந்து பிரித்தல் இயலாது. 1942 ஏப்ரில் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீதும் சீனன்குடாவின்மீதும் குண்டு பொழிந்தன. போர் முடிந்த பின்னரும் பிரித்தானியக் கடற்படை இங்கேயே நிலைகொண்டிருந்தது. 1957ஆம் ஆண்டிலேயே கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. அந்நாட்களிற் கப்பற்றுறையில் எழுதுவினைஞராகப் பணியாற்றிய ஒருவர், தாயகம் திரும்பும் ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து மொறிஸ் மைனர்க் கார் ஒன்றை விலைக்கு வாங்கினார். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தி செய்யப்பட்ட அவ்வகைக் கார் இலங்கையின் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவினர் போன்றது. அக்காரில் வால்வு வானொலி ஒன்றும் இருந்தது. ஆளியைத் திருகிய பின்னர் வால்வுகள் சூடேறும்வரை பொறுத்திருந்தாற்றான் அது வாய்திறக்கும். மாலை வேளைகளில் உட்துறைமுக வீதி வழியே காரைச் செலுத்திச் சென்று, நீரோரத்தில் நிறுத்திவைத்து, இலங்கை வானொலியைக் கேட்பது அக்குடும்பத்தின் வழக்கமாயிருந்தது.

1990ஆம் ஆண்டு ஊர் கலைந்தபோது அக்குடும்பமும் கலைந்தது. மூத்த மகள் கனடா சென்றாள். இளைய மகன் சில காலத்தின் பின் ஊர் திரும்பியபோது, கொட்டிலிற் கார் இருந்தது, வானொலி இருக்கவில்லை. அது இருந்த இடத்தில் நாற்சதுரமான ஒரு வெற்றிடமே எஞ்சியிருந்தது. காரை அவர் மெல்ல மெல்லத் திருத்தி ஓடச்செய்தார். அவ்வெற்றிடத்தை மாத்திரம் அப்படியே விட்டுவைத்தார்.

அண்மையில் அக்கா ஊருக்கு வரப்போவதாக அறிவித்தார். கூடவே ஒரு சிறு தொகைப் பணமும் அனுப்பியிருந்தார். காரில் ஒரு வானொலி பூட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை புகையிரத நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது அது பாடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். தம்பியார் புதிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அவருடைய மகனுக்கு இருபது வயது. மின்வேலையிற் கொஞ்சம் ஆர்வமும் அதனினும் கூடுதலான துணிவும் உடையவன். தந்தை வேலைக்குச் சென்றிருந்த ஒரு பிற்பகலில், தானே அதனைப் பூட்டி அவரை வியப்பில் ஆழ்த்த எண்ணினான்.

கார் வானொலியின் பின்புறத்து வயர்களின் நிறங்கள் பெரும்பாலும் ஒரு பொது வழக்கைப் பின்பற்றுவன. மஞ்சள் வயர் பற்றரியிலிருந்து எந்நேரமும் மின்பெறுவது. நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைத்திருப்பதற்கு அது வேண்டும். சிவப்பு வயர் காரின் சாவியைத் திருப்பும்போது மாத்திரம் மின்பெறுவது. பெட்டியை விழிக்கச்செய்வது அதுவே. கறுப்பு வயர் காரின் உலோக உடலோடு இணைக்கப்படுவது. இதனையே பாடநூல்கள் புவித்தொடுப்பு என்றும், கறாஜ்களில் உள்ளோர் எர்த் என்றும் கூறுவர். மின்னோட்டத்திற்குச் செல்லும் வழி மாத்திரம் போதாது, திரும்பும் வழியும் வேண்டும். காரிலே அத்திரும்பும் வழி தனி வயராக இல்லாது அதன் உடலாகவே அமைந்துள்ளது. இவை யாவும் இளைஞனுக்குத் தெரிந்திருந்தன. மஞ்சளையும் சிவப்பையும் உரிய இடங்களிற் பொருத்தினான். இறுதியாகக் கறுப்பு வயரின் நுனியை உடலிலுள்ள ஆணியொன்றில் வைத்தான். பளீரென ஒரு பொறி பறந்தது. பெட்டியின் பின்னாலிருந்த பத்து அம்பியர்ப் பியூஸ் எரிந்துபோயிற்று. ஓடிச்சென்று வேறொரு பியூஸ் வாங்கி வந்து போட்டான். அதுவும் அவ்வாறே எரிந்தது. மாமி அனுப்பிய பணம் தன் கையாற் கருகிவிட்டதென்று அவன் நடுங்கினான். எரிந்த பியூஸை அதனிடத்திலேயே செருகி, வயர்களைக் கழற்றிச் சுருட்டி, பெட்டியை உறையினுள் இட்டு, ஒன்றும் நிகழாதது போல் வைத்துவிட்டான்.

மறுநாள் தந்தை அப்பெட்டியைத் தாமே கடையொன்றுக்குக் கொண்டுசென்றார். பூட்டிப் பார்த்தவர்கள் அது இயங்காததைக் கண்டு, “உள்ளுக்கு எரிஞ்சு போச்சு; வேற ஒண்டு வாங்குங்கோ” என்று தீர்ப்புக் கூறினர். வேறொன்று வாங்க வழியில்லை. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாட்களே இருந்தன. ஆகவே தந்தையும் மகனுமாகக் காரைச் செலுத்திக்கொண்டு, துறைமுகப் பக்கமாக வாகன மின்வேலை செய்யும் முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் சென்றனர். கிண்ணியாவைச் சேர்ந்த அவரை ஊரார் யாவரும் நானா என்றே அழைப்பர்.

நானாவின் முதல் ஐயம் உப்பின்மேற் சென்றது. கடற்காற்று வீசும் ஊரில் வயரின் செம்பு பச்சை பூக்கும். ஆணிகளிற் துரு ஏறும். வெளியிற் பார்க்க இறுக்கமாயிருக்கும் இணைப்பினூடே மின் செல்லாது. எனவே அவர் உடலிலிருந்த ஆணியைக் கழற்றி, அவ்விடத்தை மணற்றாளினால் உலோகம் மினுங்கும்வரை தேய்த்தார். பின்னர் சோதனை விளக்கை எடுத்தார். ஒரு சிறு பல்பு, ஒரு முள், ஒரு கவ்வி, இவ்வளவே அக்கருவி. கவ்வியை உடலிற் கொளுவி முள்ளை மஞ்சள் வயரில் வைத்தார், பல்பு எரிந்தது. சாவியைத் திருப்பிச் சிவப்பில் வைத்தார், அதுவும் எரிந்தது. வரவேண்டிய மின் வருகின்றது. உடலும் சரியாக உள்ளது. எரிந்திருந்த பியூஸை மாற்றி, பெட்டியை இணைத்தார். பொறி பறந்தது, மூன்றாவது பியூஸும் போயிற்று.

நானா சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு கேட்டார்: “கடைசியா இதுல ஆரு கை வெச்ச?”

“ஒருத்தரும் தொடேல்லை, நானா. கடையிலதான் பூட்டிப் பாத்தவங்கள்,” என்றார் தந்தை.

நானா மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார். தந்தைக்குச் சிறிது சினம் வந்தது. “வீட்டில இருக்கிறது இவன் ஒருத்தன்தான். இவன் தொட்டிருந்தா எனக்குச் சொல்லியிருப்பான். என்ர மகன் பொய் சொல்லமாட்டான்,” என்றார்.

தண்டனைக்கு அஞ்சி மறைத்த ஒன்று, தந்தையின் நற்சான்றினாற் பன்மடங்கு பாரமாகிவிட்டது. இப்போது உண்மையைச் சொல்வதாயின், பிறர் முன்னிலையில் அவருடைய சொல்லையே பொய்யாக்கிச் சொல்ல வேண்டும். வீதியின் மறுபுறத்தில், திருகோணமலை நகரில் எங்கும் உலாவும் புள்ளிமான்களில் இரண்டு குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன. இளைஞன் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். நானா மூன்றாம் முறை கேட்கவில்லை. கையிலிருந்த எரிந்த பியூஸை வெளிச்சத்திற் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்பா, நான்தான் முதல்ல பூட்டினனான்,” என்றான் இளைஞன். “ரெண்டு பியூஸ் எரிஞ்சது. பயத்தில சொல்லேல்லை.”

தந்தை மறுமொழி கூறவில்லை. நானாதான் அவசரமாகக் கேட்டார்: “எப்ப எரிஞ்ச? சாவிய திருப்பக்குள்ளயா, கறுப்ப வெக்கக்குள்ளயா?”

“கறுப்பை வைக்கேக்குள்ள. சாவி போடவே இல்லை.”

நானா எழுந்து காரின் முன்மூடியைத் திறந்தார். பற்றரியிலிருந்து காரின் உடலுக்குச் செல்லும் தடித்த பட்டியைக் கையினாற் தொடர்ந்து சென்றார். அது பற்றரியின் நேர்முனையிற் பூட்டப்பட்டிருந்தது.

குறை அங்கேதான் இருந்தது. ஒருவகையில் அது குறையுமன்று. முற்காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றிற் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. இணைப்புகள் அரிக்கப்படுவது அதனாற் குறையும் என்ற கருத்து அக்காலப் பொறியியலாளரிடையே நிலவியது. 1960களின் நடுப்பகுதி தொடங்கிப் படிப்படியாக மறைமுனையை உடலோடு இணைக்கும் முறை பொதுவாயிற்று. இன்றைய வானொலிப் பெட்டிகள் யாவும் இப்பிந்திய முறைக்கே அமைந்தவை. மறையாக இருக்கும் என்று நம்பிக் கறுப்பு வயர் தொட்ட உடல், இக்காரில் நேராக இருந்தது. மின் தலைகீழாகப் பாய்ந்தது. அவ்வாறு பாயுங்கால் பெட்டியின் உட்பகுதியைக் காக்கவென வைக்கப்பட்ட இருவாயி அதனைத் தன்வழியே செல்லவிட்டுப் பியூஸை எரித்தது. எனவே பியூஸ் எரிந்தமை பெட்டி இறந்தமைக்கு அடையாளமன்று. அது காப்பாற்றப்பட்டமைக்கு அடையாளமாகவும் இருக்கலாம்.

அப்படியாயின் சோதனை விளக்கு ஏன் இதனைக் காட்டவில்லை? நானாவே அதற்கு விடை கூறினார்: “பல்புக்குத் திசை தெரியாது. எந்தப் பக்கத்தால கரண்ட் வந்தாலும் அது எரியும்.” பின்பு மீற்றரை எடுத்துச் சிவப்பு முள்ளை மஞ்சள் வயரிலும் கறுப்பு முள்ளை உடலிலும் வைத்தார். பன்னிரண்டு வோற்றுக்குச் சற்று மேற்பட்ட எண்ணும், அதன் முன்னே ஒரு சிறு கழித்தற் குறியும் தோன்றின. “ஊரில ஓடுற மொறிஸ் எல்லாத்தையும் மாத்திட்டாங்க எண்டு நினைச்சிட்டன். பாக்காம விட்டது என்ட பிழை. மூணாவது பியூஸ் என்ட கணக்கு,” என்றார். யப்பானிய வாகனங்களோடு வளர்ந்த கை அவருடையது. குண்டு பொழிந்த நாட்டின் வாகனங்களே இன்று இத்துறைமுக நகரின் வீதிகளை நிறைத்திருப்பது காலத்தின் கோலம்.

பெட்டி உயிரோடு உள்ளதா என்பதே எஞ்சிய வினா. மூன்று முறை தலைகீழாக மின்பாய்ந்த பின்னரும் அந்த இருவாயி தாங்கியிருக்குமா? நானா தனியான பற்றரியொன்றை நிலத்தில் வைத்தார். புதிய பியூஸ் இட்டார். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, இடையே ஒரு பல்பை இணைத்து, நேர்முனைக்குக் கொண்டுசென்றார். உள்ளே குறுக்குத் தொடர்பு இருக்குமாயின் பல்பு முழு ஒளியோடு எரியும். பெட்டிக்குத் தீங்கு நேராது. கறுப்பை மறைமுனையில் வைக்குமாறு இளைஞனிடம் கூறினார். அவன் கை நடுங்கியது. பொறி பறக்கவில்லை. பல்பு மங்கலாகச் செம்மை காட்டியது. பெட்டியின் முகத்தில் நீலநிற எண்கள் தோன்றின.

இனி இரண்டு வழிகள் இருந்தன. பெட்டி, அன்ரெனா, ஒலிபெருக்கிகள் ஆகிய எவையும் காரின் உடலைத் தொடாதவாறு பிரித்துப் பூட்டுவது ஒன்று; காரையே மறைமுனை எர்த்துக்கு மாற்றுவது மற்றையது. முதலாவது எளிதாகத் தோன்றினும், என்றோ ஒருநாள் ஓர் ஆணி உடலிற் பட்டால் மீண்டும் பொறி பறக்கும். தந்தை இரண்டாவதைத் தெரிந்தார். பற்றரியைத் திருப்பி வைத்து, நேர்முனை பருத்தும் மறைமுனை மெலிந்தும் இருப்பதனாற் கவ்விகளையும் மாற்றினர். எரிபற்றற் சுருளின் இரு வயர்களும் இடம்மாறின. தைனமோ பழைய திசையின் காந்தத்தைத் தன்னுள் வைத்திருக்குமாதலால், அதன் புல முனையைக் கழற்றி, பற்றரியிலிருந்து வந்த ஒரு வயரினால் ஒரு கணம் தொட்டெடுத்தனர். அந்த ஒரு தொடுகையிலே தைனமோ தன் திசையை மாற்றிக்கொண்டது. இவ்வளவுக்கும் தந்தை மகனோடு பேசிய சொற்கள் இரண்டோ மூன்றோதான்: “அந்தச் சாவியைத் தா,” “இதைப் பிடி.” எனினும் ஒவ்வொரு வேலைக்கும் அவனையே அழைத்தார்.

மாலையில் வானொலி பேசிற்று. பழைய வால்வு வானொலியைப் போல் அது சூடேறுவதற்குக் காத்திருக்கவில்லை. சாவி திரும்பியவுடனே பாடியது. தந்தை முன்னாசனத்தில் அமர்ந்து சிறிது நேரம் கேட்டார். பின்பு ஒரு கடதாசியை எடுத்து மகனிடம் நீட்டினார். “இந்தக் காரில இனி ஆர் கை வைச்சாலும் தெரியவேணும். நீயே எழுது. செய்தது முழுக்க எழுது,” என்றார்.

மின்மானி அக்கணத்தில் உள்ளதை அளக்கவல்லது. முன்னர் நிகழ்ந்ததை அதனால் அளக்க முடியாது. அதனை மனிதர்தாம் சொல்ல வேண்டும். நோயாளி மறைத்ததை மருத்துவர் ஊகிக்க வேண்டியிருப்பது போல, கையிட்டவர் மறைத்ததை மின்வேலைக்காரரும் ஊகிக்க வேண்டியவராகின்றார். அவ்வூகத்தின் விலையாக மூன்றாவது பியூஸும் எரிந்தது. ஆய்வுகூடத்திலும் நூலகத்திலும் தவறிப்போன முயற்சிகளை மறைத்துவிட்டு வெற்றிகளை மாத்திரம் எழுதிவைக்கும் பழக்கம் கற்றோரிடையேயும் உண்டு. பின்வருவோர் அதே ஆணியில் அதே கறுப்பு வயரை வைத்துப் பொறி பறப்பதைக் காண்பது அதன் விளைவு.

வெள்ளிக்கிழமை அதிகாலை இரவுப் புகையிரதத்தில் அக்கா வந்திறங்கினார். கார் உட்துறைமுக வீதியாற் சுற்றிக்கொண்டு வீட்டுக்குச் சென்றது. அவர் வழிநெடுகிலும் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார், பேசவில்லை. முன்மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட கடதாசி இன்றும் அங்கேயே உள்ளது. இளைஞனின் கையெழுத்தில், திகதியோடு, அதில் எழுதப்பட்டிருப்பது இதுதான்: “இக்கார் மறைமுனை எர்த்துக்கு மாற்றப்பட்டது. முன்னர் நேர்முனை எர்த். அறியாமற் பூட்டியதில் மூன்று பியூஸ் எரிந்தது. இரண்டு நான், ஒன்று நானா.”