வடிவான சில்லு வாங்கப் போன கதை

எல்லாம் ஒரு படத்தில் இருந்துதான் தொடங்கியது. யப்பானில் ஏதோ ஒரு மலையடிவாரம். எங்கட வானைப் போலவே ஒரு ஹயஸ். மண் நிறப் பெயின்ற், கறுப்பு ரிம், ஆழமாக வெட்டு விழுந்த மொத்த ரயர், ரயரின் பக்கத்தில் வெள்ளை எழுத்து. அதை எங்கட வட்சப் குழுவில் போட்டது யார் என்று இப்போது ஒருத்தரும் ஒத்துக்கொள்கிறதில்லை. ஆனால் அன்றிரவே ஐந்து பேரும் முடிவெடுத்துவிட்டோம். எங்கட வானுக்கும் இப்பிடித்தான் போட வேணும்.

வான் எங்களில் ஒருத்தியின் மாமாவுடையது. கே.டி.எச்., டீசல், பின்சில்லு இழுவை. யாழ்ப்பாணம் – கொழும்பு இரவுச் சேவை ஓடின வான். ஒருநாள் மாமா ஓட்டத்தை நிற்பாட்டினார், வான் தகரக் கொட்டிலுக்குள் போனது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய வான்களின் விலை ஏறின ஏற்றத்துக்கு ஆர் என்றாலும் விற்றிருப்பார்கள். அவர் விற்கவில்லை. “விக்கவும் மனமில்லை, ஓட்டவும் மனமில்லை. நீங்கள் வைச்சு ஓடுங்கோ பிள்ளையள்” என்று திறப்பைத் தந்தார். ஏன் ஓட்ட மனமில்லை என்று நாங்கள் அப்போது கேட்கவில்லை.

பின் சீற்றுகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்தோம். 60 லீற்றர் தண்ணித் தாங்கி, ஒரு பெரிய பற்றரி, காஸ் அடுப்பு, புத்தகப் பெட்டிகள், படம் போடுகிற புரொஜெக்ரர். உள்ளுக்கு எல்லாம் முடிந்தபோதுதான் ரயரைப் பார்த்தோம். பக்கமெல்லாம் முடி முடியாக வெடிப்பு. ரயரின் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். எங்களதில் 0816. 2016ஆம் ஆண்டின் எட்டாவது கிழமையில் செய்த ரயர் என்று அர்த்தம். மாற்றத்தான் வேணும். மாற்றுகிறதென்றால் வடிவாக மாற்றுவோமே என்பதுதான் எங்கட நியாயம்.

முதல் பாடம் ரிம்மில் வந்தது. பழைய சாமான் கடையொன்றில் மொன்ரெரோ ரிம் நான்கு கிடந்தது. ஆறு நட். எங்கட வானுக்கும் ஆறு நட். அளந்து பார்த்தால் நட் ஓட்டைகளின் வட்டமும் ஒன்றுதான், 139.7 மில்லிமீற்றர். சந்தோசத்தில் அட்வான்ஸும் குடுத்துவிட்டோம். கராஜில் கொண்டுபோய் மாட்டப் பார்த்தால் ரிம் போய் இருக்கமாட்டன் என்றது. ஹயஸின் நடு மொட்டு 106 மில்லிமீற்றர் அகலம், மொன்ரெரோ ரிம்மின் நடு ஓட்டை 67 மில்லிமீற்றர். “லேத்தில குடுத்துக் கடைஞ்சு பெருப்பிச்சா சரி” என்று கடைக்காரர் சொன்னார். கராஜ் அண்ணை எங்களை ஒருமுறை பார்த்தார். “நாப்பது மில்லிமீற்றர் கடைஞ்சால் நட் ஓட்டைக்கும் நடு ஓட்டைக்கும் இடையில என்ன மிஞ்சும் எண்டு நினைக்கிறியள்? வான் முழுக்க நிக்கிறது அந்தத் துண்டிலதான்.” அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

அடுத்தது, எங்களில் ஒருவன் 235/75R15 ரயர்தான் போட வேணும் என்று நின்றான். இந்த இலக்கங்களை வாசிக்க அப்போதுதான் பழகினோம். முதல் இலக்கம் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது. கடைசி, ரிம் எத்தனை அங்குலம் என்பது. எங்கட வானுக்கு உரியது 195/80R15. கணக்குப் போட்டால் அந்த ரயர் 693 மில்லிமீற்றர் உயரம் வரும். அவன் கேட்டது 733. நாலு சென்ரிமீற்றர் கூட. ஆனால் வான் உயர்வது அதில் பாதிதான், ஏனென்றால் அச்சு ரயரின் நடுவில் இருக்கிறது. இரண்டு சென்ரிமீற்றருக்காக முன்சில்லு முழுக்க வெட்டும்போது மட்காட்டில் உரசும். மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 63க்கு மேல் போய்க்கொண்டிருப்போம். ஸ்பெயார் ரயரும் அதே அளவில் வேணும், அதை வானுக்குக் கீழே உரிய இடத்தில் கொழுவ ஏலாது. நான்கு ரயர் என்று போட்ட காசுக் கணக்கு அந்த இடத்தில் ஐந்தாகியது.

கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்ட சோடி ஒன்று கிடைத்தது. 16 அங்குலக் கறுப்பு அலோய், ஹயஸுக்கென்றே செய்தது, நடு ஓட்டையும் சரி. ரயர் 215/65R16, கரடுமுரடு வெட்டு, வெள்ளை எழுத்தும் இருந்தது. உயரமும் பழையதற்குக் கிட்டத்தட்ட அதே. கேட்ட காசு எங்கள் ஐந்து பேரின் சேமிப்பில் முக்கால்வாசி. அடுத்த நாள் காசு கட்டுகிறது என்று இருந்தோம். படத்தை மாமாவிடம் காட்டினோம், அவரும் சந்தோசப்படுவார் என்று.

அவர் படத்தைப் பெருப்பித்து ரிம்மைப் பார்க்கவில்லை. ரயரின் பக்கத்தைப் பார்த்தார். “98 எண்டு கிடக்கு” என்றார். அதுக்கென்ன என்று கேட்டோம். “வானை நிறுத்தியளோ?”

நிறுக்கிறதோ? வானையோ? எங்களுக்குச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் தண்ணித் தாங்கியை நிரப்பி, புத்தகப் பெட்டியெல்லாம் ஏற்றி, ஐந்து பேரும் உள்ளே இருந்து, பழைய இரும்புக் கடையின் லொறித் தராசில் ஏறினோம். மொத்தம் 2,790 கிலோ. பிறகு முன்சில்லைத் தராசுக்கு வெளியே விட்டுப் பின்சில்லை மட்டும் நிறுத்தோம். 1,560. அப்படியென்றால் ஒரு பின்ரயருக்கு 780 கிலோ. தண்ணித் தாங்கியும் பற்றரியும் இடப்பக்கம் இருப்பதால் இடப்பக்க ரயருக்கு இன்னும் கூட.

ரயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த இலக்கம் பாரச் சுட்டி. 98 என்றால் ஒரு ரயர் தாங்குவது 750 கிலோ. எங்கட பழைய ரயரில் இருந்தது 107/105. 107 என்றால் 975 கிலோ. மற்ற இலக்கம் ஒரு பக்கத்தில் இரண்டு ரயரைச் சோடியாகப் போடுகிற வாகனங்களுக்கு உரியது. நாங்கள் வாங்கவிருந்தது ஜீப் போன்ற கார்களுக்குச் செய்த ரயர். கண்ணுக்கு முரடாக இருந்தது. ஆனால் பாரம் தாங்குகிற விசயத்தில் எங்கட வெடித்த பழைய ரயர் புதிதாக இருந்தபோது இருந்ததைவிட அது மெலிவு. சாதாரண வான் ஆட்களை இறக்கிவிட்டால் பாரம் குறையும். தூங்கி எழும்புகிற வானுக்கு அந்த ஓய்வு இல்லை. கட்டிலும் தாங்கியும் பற்றரியும் கொட்டிலுக்குள் நிற்கும்போதும் ரயரின் மேல்தான்.

அன்று பின்னேரம்தான் மாமா கதையைச் சொன்னார். ஒரு சீசன் நேரம், பின்ரயர் இரண்டும் மொட்டை. உரிய ரயர் வாங்கக் கையில் காசில்லை. ஒரு கிழமைக்குத்தானே என்று காருக்குப் போடுகிற ரயர் இரண்டைப் பின்னால் போட்டிருக்கிறார். பதின்நாலு பேர், கூரை முழுக்கச் சாமான். பாரம் கூடின ரயர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் நசுங்கி நிமிரும். அதனால் சூடேறும். சூடேற ரப்பரும் உள்ளே இருக்கிற நூலும் ஒன்றைவிட்டு ஒன்று கழரும். முறிகண்டியில் நிற்பாட்டி, தேங்காய் உடைத்து, திருநீறும் பூசிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள். மாங்குளம் போய்ச் சேரமுதல் இடப்பக்கப் பின்ரயர் வெடித்தது. வான் பக்கவாட்டில் சரிந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை. ஒரு வயசான அம்மாவுக்குக் கை முறிந்தது.

“அந்த அம்மா இப்பவும் என்னோட நல்லாத்தான் கதைப்பா. நான்தான் அவவின்ர கையைப் பார்க்கிறேல்லை” என்றார். பிறகு எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணி வைத்தார்.

நாங்கள் யாரும் அதற்குப் பிறகு வெள்ளை எழுத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

அன்றிரவு ஒரு கொப்பியில், போன வருசம் ஓடின பாதைகளை எழுதினோம். ஏ9, மன்னார் – பூநகரி வீதி, திருகோணமலை, அறுகம்பை, ஒருமுறை நுவரெலியா. நூறு கிலோமீற்றரில் தொண்ணூற்றைந்து தார் வீதி. மிச்சம் ஐந்தில் கிரவல், கடற்கரை மணல், மழைக்குப் பிறகு வன்னியின் குள வீதிச் சேறு. சேற்றுக்கென்றே பெரிய கட்டை கட்டையாக வெட்டின ரயர் உண்டு. அது தார் வீதியில் இரைகிற இரைச்சலில் பின்னால் படுத்திருக்கிறவருக்கு நித்திரை வராது. அதைவிடப் பெரிய விசயம், நனைந்த தாரில் அது பிடிக்கிற பிடி குறைவு. கட்டைகளுக்கு இடையில் வெளி கூட, தாரைத் தொடுகிற ரப்பர் குறைய. மழைக்குள் றம்பொடை இறக்கத்தில் பிறேக் பிடிக்கிற நேரம் எந்த ரயர் வேணும் என்று ஒருவரை ஒருவர் கேட்டோம். 235 கேட்டவனே “பழைய அளவுதான்” என்றான்.

ஆக, பழைய இரும்பு ரிம்மே இருக்கட்டும் என்று விட்டோம். துருவைத் தேய்த்துக் கறுப்புப் பெயின்ற் அடித்தோம். இரும்பு ரிம்மில் ஒரு நன்மையும் உண்டு. பள்ளத்தில் விழுந்து நெளிந்தால் ஊர்க் கராஜில் தட்டி எடுக்கலாம், அலோய் வெடித்தால் வெடித்ததுதான். ரயர் அதே 195/80R15, பாரச் சுட்டி 107/105, தாருக்கும் கிரவலுக்கும் நடுத்தரமாக வெட்டின வகை. ஐந்து வாங்கினோம். வாங்கும்போது ஒவ்வொன்றிலும் அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தோம். ஒன்று மட்டும் மூன்று வருசம் பழையதாக இருக்க, மாற்றித் தரச் சொன்னோம். கடைப் பெடியன் முகத்தைச் சுழித்துக்கொண்டு மாற்றித் தந்தான்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நாங்கள் பெரிய புத்திசாலிகள். புது ரயர் போட்ட மூன்றாம் கிழமை மணற்காட்டுக்குப் போனோம். சவுக்கங்காட்டைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் ஒரு மணல் பாதை. இப்போது எங்கட ரயர் இதுக்கென்றே உள்ளதுதானே என்ற துணிவில் இறக்கினோம். முப்பது மீற்றர். பின்சில்லு இருந்த இடத்திலேயே சுற்றி அச்சு வரைக்கும் தாண்டது. பின்சில்லு இழுவை வானுக்கு எந்த ரயரைப் போட்டாலும் அது நாலு சில்லு இழுவை ஆகாது என்பது அந்த மணலுக்குத் தெரிந்திருந்தது.

கரைவலைக்காரர் ஒருவர் வந்தார். உழவு மெஷின் கொண்டுவந்து இழுப்பார் என்று பார்த்தால், ரயரைக் குத்திப் பார்த்தார். “எவ்வளவு காத்து கிடக்கு?” 45 என்றோம். “கல்லு மாதிரிக் கிடக்கு. பாதியா இறக்குங்கோ தம்பி.” ஒரு ஈர்க்கை ஒடித்து வால்வில் குத்திக் காற்றை இறக்கிக் காட்டினார். இருபதுக்குக் கொண்டுவந்தோம். காற்று இறங்க ரயரின் அடி நீண்டு மணலில் பரவுகிறது, அதே பாரம் கூட இடத்தில் பங்கிடப்படுகிறது. கையால் மணலைத் தோண்டி, சில்லுக்கு முன்னால் பனையோலை போட்டு, மெல்ல கிளச்சை விட, வான் ஒன்றும் நடக்காத மாதிரி வெளியே வந்தது. உழவு மெஷினின் தேவையே வரவில்லை.

ஆனால் எங்களிடம் காற்று அடிக்க ஒன்றும் இல்லை. இருபதில் பாரத்தோடு வேகமாக ஓடினால் ரயர் சூடேறும் என்பது இப்போது தெரியும். பருத்தித்துறை வரைக்கும் முப்பதுக்கு மேல் போகாமல் வந்தோம். பின்னால் வந்த பஸ்காரர் எல்லாம் ஹோர்ண் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த கிழமை பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பும் ஒரு காற்று மீற்றரும் வாங்கினோம். இரண்டும் சேர்த்து, நாங்கள் ஆசைப்பட்ட ரிம் ஒன்றைவிடக் குறைந்த விலை. காட்டுக்கும் மேட்டுக்கும் என்று நாங்கள் வாங்கினதில் அதிகம் உதவினது அதுதான். இப்போது முறிகண்டியில் நிற்பாட்டும்போது ஒருத்தர் தேங்காய் உடைக்கப் போக, இன்னொருத்தர் ஐந்து ரயருக்கும் கை வைத்துச் சூட்டைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஒன்று மற்றதைவிடக் கூடச் சுட்டால் ஏதோ பிழை.

நீங்களும் வான் செய்யப் போறியள் என்றால், உள்வேலை எல்லாம் முடிந்த பிறகு முதலில் நிறுத்துப் பாருங்கோ. தண்ணி நிரப்பி, ஆட்களோடு, பின்சில்லைத் தனியாக. அந்த இலக்கத்தைக் கையில் எழுதிக்கொண்டு ரயர்க் கடைக்குப் போங்கோ. வடிவு அதற்குப் பிறகு.

வடிவை நாங்கள் முழுக்கக் கைவிடவில்லை. எங்களில் ஒருத்தி போன மாதம் வெள்ளைப் பெயின்ற் பேனை வாங்கிவந்து, ரயரின் பக்கத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக நிரப்பினாள். கம்பனியின் பெயரை முடித்துவிட்டு 107/105ஐயும் வெள்ளையாக்கினாள். மாமா வந்து பார்த்தார். “இது மழைக்குக் கழுவுப்பட்டுப் போகும்” என்றார். பிறகு சாவியைக் கேட்டார். கன வருசத்துக்குப் பிறகு ஓட்டுகிற சீற்றில் ஏறி, ஒழுங்கை முடிவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.