பறப்பதும் நிற்பதும்

பறவையைப் பறக்கும் நிலையில் துல்லியமாகப் படம் எடுப்பதை ஒரு தொழில்நுட்பக் காரியமாக மட்டுமே நம் நண்பர்களில் பலர் பார்க்கிறார்கள். காமிரா நல்லதாக இருந்தால் படம் நன்றாக வரும், இதில் பேச என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். கவிதை எழுதும் நண்பர்கள் சிலர் இதற்கு நேர் எதிர். துல்லியமான படம் செத்த படம், மங்கலில்தான் உயிர் இருக்கிறது என்கிறார்கள். இரண்டு தரப்போடும் எனக்கு உடன்பாடில்லை. ஏழெட்டு வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமைகளிலும், வங்கிக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலும் பரங்கிமலை மேலும் காமிராவோடு நின்றுகொண்டிருப்பவன் என்ற ஒரே தகுதியில் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. நாம் இந்தப் பக்கங்களில் வழக்கமாகச் சண்டை போடும் விஷயங்களுக்கு இவை அவ்வளவு தூரத்தில் இல்லை.

முதலில் வேகம் பற்றி. இறங்க வரும் ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் வருகிறது. தண்ணீர்மேல் இரை தேடிச் சுற்றும் மீசை ஆலாவுக்கு வினாடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காமிராவின் முன்னால் கதை தலைகீழ். விமானம் 700 மீட்டர் தள்ளிக் குறுக்கே போகிறதென்றால், அதைத் தொடர நான் வினாடிக்கு ஆறு டிகிரி திரும்பினால் போதும். ஆலா 10 மீட்டரில் குறுக்கே போகிறதென்றால் வினாடிக்கு 57 டிகிரி திரும்ப வேண்டும். காமிராவுக்கு விமானத்தைவிடப் பறவைதான் பத்து மடங்கு வேகம். 400 மில்லிமீட்டர் லென்ஸ் அகலவாக்கில் ஐந்து டிகிரி அளவே பார்க்கும். நான் அசையாமல் நின்றால் வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் ஆலா அந்தச் சட்டத்தைக் கடந்து போய்விடும். ஆக, நாம் வேகம் என்று உணர்வது பொருளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. பார்ப்பவன் எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பதுதான் கைக்கு அகப்படுவதில்லை. சமகாலத்தவரைப் பற்றி விமர்சனம் எழுதிப் பார்த்த எவருக்கும் இது தெரியும்.

ஷட்டரின் வேகத்தைக் கூட்டினால் தீர்ந்தது என்று நினைக்கலாம். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஷட்டர் திறந்திருக்கிறது என்று கொள்வோம். அசையாமல் பிடித்த காமிராவில், அதற்குள் ஆலாவின் பிம்பம் 0.4 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. 36 மில்லிமீட்டர் அகலமும் 6000 பிக்ஸல்களும் கொண்ட சென்ஸாரில் இது 67 பிக்ஸல். கண், அலகு, கழுத்து எல்லாம் ஒரே தீற்றல். காமிரா பறவையோடு கூடவே திரும்பி, அந்தத் திரும்புதலில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும், தீற்றல் ஆறேழு பிக்ஸலாகச் சுருங்கிவிடும். இதே பலனை ஷட்டரை மட்டும் வைத்துப் பெற வேண்டுமானால் அதைப் பத்து மடங்கு விரைவாக்க வேண்டும். அதற்கு வெளிச்சம் இடம் தராது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400, அபெர்ச்சர் 8 என்று வைத்தால் 1/1600 கிடைக்கும். அதற்கு மேல் கேட்டால் எங்கிருந்தாவது கடன் வாங்க வேண்டும். வட்டியும் கட்ட வேண்டும், படத்தில் புள்ளி புள்ளியாக.

ஆகவே காரியம் விரலில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. கால்களை அகற்றி, பறவை வந்து சேரப்போகும் பக்கம் நோக்கி நிற்க வேண்டும். அது தூரத்தில் புள்ளியாக இருக்கும்போதே உடம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அதன் கதிக்கு வந்துசேர்ந்து, திரும்பிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கிய பிறகும் நிறுத்தக்கூடாது. சற்று தூரம் அதோடு போய்த்தான் விட வேண்டும். அமுக்கியவுடன் நின்றுவிடுகிற உடம்பு அமுக்கும்போதே நிற்கத் தொடங்கியிருக்கும். காற்றும் வெயிலும் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பறவையானாலும் விமானமானாலும் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். அப்படி நின்றால் அவை நம்மை நோக்கி வரும். காலையில் சீக்கிரம் போக வேண்டும். அப்போதுதான் சாய்ந்த வெயில் இறக்கையின் அடிப்பக்கத்தைத் தொடும். உச்சி வெயிலில் அடிப்பக்கம் வெறும் கரி. இன்னொன்றும் உண்டு. பத்து மணிக்கு மேல் ஓடுதளத்தின் மீது கானல் நெளிய ஆரம்பித்துவிட்டால், எத்தனை லட்சத்துக்கு வாங்கிய லென்ஸும் அந்த நெளிவைத்தான் துல்லியமாகக் காட்டும். குறை பொருளிலும் இல்லை, கருவியிலும் இல்லை, நடுவிலிருக்கும் காற்றில்.

இதையெல்லாம் இப்போது காமிராவே பார்த்துக்கொள்ளுமே என்பார்கள். ஓரளவு உண்மை. 1985இல் மினோல்டா 7000 வந்தபோது தானாக ஃபோகஸ் செய்யும் வசதி காமிராவின் உடலுக்குள் குடியேறியது. 2020இல் வந்த கேனான் ஆர்5 பறவையைப் பறவை என்று அடையாளம் கண்டது. 2021இல் வந்த ஸோனி ஆல்ஃபா 1 பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்து, வினாடிக்கு 30 படம் வரை எடுத்தது. பழைய பிலிம் சுருளில் மொத்தமே 36 படம். நமக்கு மாதவையா தெரியும், 'பத்மாவதி சரித்திரம்' தெரியும். அவர் மகன் மா. கிருஷ்ணனை (1912–1996) நம் வட்டத்தில் அநேகமாக யாரும் படிப்பதில்லை. 1950 முதல் சாகும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட ஒரு கனத்த கருவியோடு காடுகளில் அலைந்து, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். அந்தக் கஷ்டத்துக்காக அவரைப் புகழ வேண்டியதில்லை. கஷ்டம் ஒரு மதிப்பீடு ஆகாது. ஆனால் ஒரு வினாடிக்கு 30 துல்லியமான படங்கள் கிடைக்கிற காலத்தில், முப்பதில் எது படம் என்ற கேள்வி முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. அதற்கு விடை சொல்லும் வசதி காமிராவில் இல்லை.

இங்கே விமானத்துக்கு வருகிறேன். குறுந்தூரம் போகும் ஏடிஆர் 72 விமானத்துக்கு இரண்டு இஞ்சின்கள், இஞ்சினுக்கு ஆறு அலகுள்ள விசிறி. ஏறும்போது அந்த விசிறி நிமிஷத்துக்கு 1200 சுற்று சுற்றுகிறது, வினாடிக்கு 20. ஆலாவுக்கு வைத்த 1/2000இலேயே இதையும் எடுத்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் விசிறி மூன்றரை டிகிரி சொச்சம்தான் நகரும். படத்தில் ஆறு அலகும் தனித்தனியாக, கம்பிபோல் நிற்கும். ஆணிகூடத் தெரியும். விமானம் ஆகாயத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட பொம்மைபோல் இருக்கும். 1/125இல் எடுத்தால் ஒவ்வொரு அலகும் 58 டிகிரி அளவு சுற்றிவிடும். ஆறு அலகுக்கு நடுவே தலைக்கு 60 டிகிரி இடைவெளிதானே. கிட்டத்தட்ட ஒரு முழுத் தட்டு உருவாகிவிடும். ஆனால் அவ்வளவு நேரம் விமானத்தோடு பிசகாமல் திரும்பினால்தான் ஜன்னல்களும் எழுத்துக்களும் நிற்கும். பத்தில் ஒன்று தேறினால் பெரிது. அந்த ஒன்றில் உடல் துல்லியம், விசிறி சலனம். அதுதான் பறக்கும் விமானம்.

என் பிழைப்பில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. செக்கில் இருக்கும் கையெழுத்தை, வங்கியில் பதிவான மாதிரியோடு ஒப்பிடுவது என் அன்றாட வேலையில் ஒரு பகுதி. மோசமான கள்ளக் கையெழுத்து உடனே பிடிபடும். நல்ல கள்ளக் கையெழுத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் துல்லியம். ஒவ்வொரு வளைவும் மாதிரியில் இருப்பதுபோலவே இருக்கும். கோடு மட்டும் மெல்ல நடுங்கியிருக்கும், எடுக்கக் கூடாத இடத்தில் பேனா எடுக்கப்பட்டிருக்கும். கையெழுத்து என்பது ஓர் ஓட்டம். கள்ளன் அதைப் படமாக வரைந்திருப்பான். உண்மைக் கையெழுத்து ஒருபோதும் மாதிரியோடு முற்றிலும் ஒத்துப்போவதில்லை, ஆனால் ஓட்டம் ஒன்றாக இருக்கும். 1/2000இல் நிற்கும் விசிறியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செக்குகள் ஞாபகம் வரும். பாஸ் பண்ணத் தோன்றுவதில்லை.

அப்படியானால் மங்கலை ஆராதிக்கும் நண்பர்கள் சொல்வது சரிதானே? இல்லை. 1882இல் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் மாரே, துப்பாக்கி வடிவத்தில் ஒரு காமிரா செய்து நேப்பிள்ஸில் பறவைகளைக் குறிபார்த்தார். வினாடிக்கு 12 படம், ஒவ்வொன்றும் வினாடியில் 720இல் ஒரு பங்கு. அழகு அவர் நோக்கமல்ல. இறக்கை எங்கே எப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற அளவு வேண்டியிருந்தது. 1913இல் இத்தாலிய ஓவியர் பாலா உழவாரக் குருவிகளின் பறத்தலை வரைந்தபோது, ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிய இறக்கைகளாக, அலையும் கோடுகளாக வரைந்தார். அந்தச் சலனம் மூடுபனியிலிருந்து வந்ததல்ல. மாரே போன்றவர்கள் அளந்து வைத்த துல்லியத்தின் மேல் ஏறி நின்றுதான் அது அசைகிறது. துல்லியத்தின் வழியாகப் போகாத மங்கல் வெறும் கைநடுக்கம்தான். நம் கவிதைகளில் கணிசமான பகுதி அந்தக் கைநடுக்கத்தையே ஆழம் என்று காட்டிவருகிறது என்பது என் புகார்.

துல்லியம் எதைத் தருகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கரும்பருந்து கிளையில் வந்து இறங்கும்போது, இறக்கையின் முன்விளிம்பில், நமக்குக் கட்டைவிரல் இருக்கக்கூடிய இடத்தில், ஒரு சிறு இறகுக் கொத்து தனியாகத் தூக்கிக்கொள்கிறது. கதி குறைந்த நேரத்தில் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடாமல், பறவை விழாமல் காப்பது அது. விமானம் இறங்கும்போது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஒரு பட்டை முன்னால் நீண்டு, கீழே வளைந்துகொள்கிறதே, அதன் வேலையும் இதுதான். கண் இதைக் காண்பதில்லை, படம் காண்கிறது. ஒன்றை மற்றொன்றுக்கு உவமையாக நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நெருக்கடிக்கு ஒரே விடை. உவமைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நம் கவிஞர்கள் யோசிக்கலாம்.

இன்னொன்று. பருந்து காற்றில் திரும்பும்போது உடல் சாய்கிறது, வால் முறுக்கிக்கொள்கிறது, இறக்கைநுனி துடிக்கிறது. தலை மட்டும் அநேகமாக மட்டமாகவே இருக்கிறது. பார்வை நிலைகொள்ள வேண்டும் என்பதற்காகப் பறவைகள் தலையை அசையாமல் வைத்துக்கொள்கின்றன. கண் துல்லியமாகவும் இறக்கைநுனி கலைந்தும் இருக்கும் படம் ஏன் மனதுக்குச் சரியென்று படுகிறது என்பதற்குக் காரணம் இதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த நிலைத்தன்மையை நான் அதன்மேல் சுமத்தவில்லை. பறவை தானே எங்கே நிலைத்திருக்கிறதோ அங்கே படமும் நிலைக்கிறது. அது எங்கே அசைகிறதோ அங்கே அசையவிடுகிறது. ஒரு படைப்பைப் பற்றிப் பேசும்போதும் இதற்கு மேல் ஒரு விமர்சகன் செய்யக்கூடியது என்ன என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி எண்ணிக் காட்டுபவன் விசிறியின் ஆணிகளை எண்ணுகிறான். எதையும் நிறுத்தாமல் பரவசப்படுபவன் காமிராவைத் திருப்பவே இல்லை. கூடவே கொஞ்ச தூரம் அதன் கதியில் போயிருக்க வேண்டும். போனவனுக்குத்தான் எது நிற்கிறது என்பது தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்காகத் திரும்பும். மீனம்பாக்கத்தில் விமானங்கள் அப்போது கிழக்கு நோக்கி ஏறும். பரங்கிமலையில் நிற்பவனுக்குக் காற்றும் காலை வெயிலும் முதுகுப் பக்கம். ஏறி வரும் விமானத்தின் முகத்தில் வெளிச்சம். மழை விட்ட காலைகளில் கானலும் இருக்காது. இந்த வருஷம் 1/100 வரை இறங்கிப் பார்க்க வேண்டும்.